விலையும் விருந்தும்

கைப்பேசிச் செயலி ஒன்று செய்திருக்கிறீர்கள். அதை வாங்கக்கூடியவர்களின் பட்டியல் கையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார் என்பதும் தெரியும். விலை எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டுப்படியானால் வாங்குவார், இல்லாவிட்டால் போய்விடுவார். என்ன விலை வைத்தால் கல்லாவில் அதிகப் பணம் சேரும்?

இது ஒரு கணக்கு. இன்னொன்று பழைய இங்கிலாந்துக் கதைக்குள் நடக்கிறது. ஆர்தர் மன்னரும் அவருடைய வீரர்களும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு இனிப்பு பிடிக்கும், ஒவ்வோர் இனிப்புக்கும் ஒரு செலவு. எல்லோருக்கும் செய்து போட முடியாது. ஆனால் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் எந்த இருவரை எடுத்தாலும் ஒருவருக்காவது அவர் கேட்டது கிடைத்துவிட்டால் சத்தம் வராது. குறைந்தபட்சச் செலவு எவ்வளவு? நம்மூர்ப் பந்தியில் இந்த விதி ஒருநாளும் செல்லாது. பக்கத்து இலையில் ஜாங்கிரி விழுந்து தன் இலையில் விழவில்லையென்றால் அன்றைக்கே சம்பந்தி சண்டை. கணக்குக்காக ஒப்புக்கொள்வோம்.

இரண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டிக் கணக்குகள். இந்தியக் கணினி ஒலிம்பியாடின் மண்டல அளவிலான நிரல் தேர்வில், வட்ட மேசை 2012ஆம் ஆண்டுக்கும் செயலி விலை 2014ஆம் ஆண்டுக்கும் வந்தவை. நடத்துவது ஐஏஆர்சிஎஸ் என்கிற கணினி அறிவியல் ஆய்வுச் சங்கம். அதன் ஒருங்கிணைப்பு வேலையோ நம் பக்கத்து ஊர் சமாச்சாரம். தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் கொஞ்சம் வடக்கே திரும்பினால் சிறுசேரி. அங்கே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் தொடங்கியது. 2005இல் சிறுசேரிக்குக் குடிவந்தது. பல்கேரியாவில் முதல் உலகக் கணினி ஒலிம்பியாட் நடந்ததும் அதே 1989இல்தான். இந்தியா அதில் 2002 முதல் கலந்துகொள்கிறது. நம் நாட்டு ஒலிம்பியாடின் ஒருங்கிணைப்பாளராக நெடுங்காலம் இருந்துவரும் மாதவன் முகுந்த், 2021 முதல் அந்தக் கழகத்தின் இயக்குநரும் ஆவார்.

இந்த ஒலிம்பியாடுக்குள் நுழையக் கணினியே தேவைப்படாத வாசலும் ஒன்று உண்டு: எழுத்துத் தேர்வு. நான் பார்த்த பழைய தாள்களில் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு. பிரிவுக்கு 5 மதிப்பெண். மூன்றும் சரியென்றால் மட்டும் மேற்கொண்டு ஒரு 5. அந்தக் கடைசி ஐந்தில்தான் கேள்வி போட்டவரின் குசும்பு இருக்கிறது. ஒரு பிரிவைக் குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டுவிடலாம், மூன்றையும் அப்படிப் போட முடியாது. விடைக்கு 5, வழிக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் இந்த இரண்டு கணக்குகளையும் கணினியைத் தொடாமல் பென்சிலால்தான் போட்டுப் பார்த்தேன். எங்கள் செலையூர் குடியிருப்பில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் இந்தப் போட்டிக்குத் தயாராகிறான். இரண்டும் அவன் கொண்டுவந்த தாளில் இருந்தவை.

முதலில் விலை. கேள்வியோடு கொடுத்திருக்கும் மாதிரியில் நான்கு பேர். அவர்களின் உச்சவரம்பு 30, 20, 53, 14 ரூபாய். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கடை விரித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விலை 17 என்று வைத்தால் 14 ரூபாய்க்காரர் போய்விடுவார், மற்ற மூவரும் வாங்குவார்கள்: 51 ரூபாய். அதையே 18 ஆக்கினால்? அதே மூவர், 54. 19 என்றால் 57. 20 என்றால் 60. 21 ஆனதும் ஒருவர் கழன்றுகொள்கிறார். ஆக 14க்கும் 20க்கும் இடையில் எந்த விலை வைத்தாலும் அது வீண். ஆள் குறையாமல் 20 வரை ஏற்றிக்கொண்டே போகலாமே! சிறந்த விலை யாரோ ஒருவருடைய உச்சவரம்பாகத்தான் இருந்தாக வேண்டும். கணக்கின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. எண்ணற்ற விலைகள் இருந்த இடத்தில் இப்போது நான்கே மிச்சம்.

சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 14, 20, 30, 53. முதல் விலைக்கு 4 பேர், அடுத்ததற்கு 3, பிறகு 2, கடைசியில் 1. பெருக்கினால் 56, 60, 60, 53. விடை 60. இருபதுக்கு விற்றாலும் முப்பதுக்கு விற்றாலும் கல்லா ஒன்றுதான். எனக்கென்றால் இருபதுக்கு விற்கத்தான் பிடிக்கும், மூன்று பேர் சந்தோஷமாகப் போவார்கள். கணக்கு அதைக் கேட்கவில்லை.

நான்கு பேருக்குப் பதில் 5 லட்சம் பேர் என்று வரும்போதுதான் போட்டி தொடங்குகிறது. ஒவ்வொரு விலைக்கும் பட்டியலை முதலிலிருந்து புரட்டி யார் யார் வாங்குவார் என்று எண்ணினால் 25,000 கோடி ஒப்பீடு. போட்டிக்காரர்கள் பாஷையில் டி.எல்.இ., அதாவது நேரம் தாண்டிவிட்டது, வெளியே போ. ஒருமுறை அடுக்கிவிட்டாலோ எண்ண வேண்டியதே இல்லை. வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதே பதிலைச் சொல்லிவிடும். அடுக்குவதற்குச் சுமார் ஒரு கோடி ஒப்பீடு போதும், கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. ஒரு பொறியும் உண்டு. ஆளுக்கு 10 கோடி ரூபாய் வரை உச்சவரம்பு இருக்கலாம் என்பதால் பெருக்குத்தொகை 50 லட்சம் கோடி வரை போகும். சாதாரண முழு எண் பெட்டியில் 214 கோடிச் சொச்சம்தான் அடங்கும். பையன் முதல் தடவை அதில்தான் விழுந்தான். வழி சரி, பாத்திரம் சின்னது.

இனி விருந்து. வட்டத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, நமக்குப் பழக்கமான நேர்கோடாக ஆக்கிக்கொள்கிறேன். 1931இலிருந்து மின்ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தையும் அதன் தெற்கு நீட்சியையும் விட நல்ல நேர்கோடு நமக்கு எங்கே கிடைக்கும்? ஆறு நிலையங்கள்: பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒன்றிலாவது குடிநீர் இயந்திரம் இருக்க வேண்டும் என்று விதி. செலவு, லட்சத்தில், வரிசையாக 4, 5, 6, 3, 2, 7. எண்கள் என் கற்பனை. ரயில்வே டெண்டரோடு யாரும் ஒப்பிட வேண்டாம்.

யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுவிட்டு ஒன்று வைப்பது. பல்லாவரம், சானடோரியம், பெருங்களத்தூர் என்றால் 12. மற்ற மூன்றும் என்றால் 15. இன்னொரு யோசனை, மலிவானதிலிருந்து எடுத்துக்கொண்டே போவது. இதைப் பிள்ளைகள் கிரீடி என்பார்கள், பேராசை வழி. பெருங்களத்தூர் 2, தாம்பரம் 3, பல்லாவரம் 4; இன்னும் குரோம்பேட்டை–சானடோரியம் இடைவெளி பாக்கி நிற்கிறது, அதற்காகக் குரோம்பேட்டை 5. மொத்தம் 14. ஒன்றுவிட்டு ஒன்று வைத்த சோம்பேறியே தேவலை என்றாகிவிட்டது.

செயலி விலையில் முன்னே நின்ற எண்ணைப் பார்த்து முடிவெடுத்தது போல இங்கே எடுக்க முடியாது. பல்லாவரத்தில் 4க்கு வைத்தது அந்த நேரத்தில் மலிவு. இரண்டு நிலையம் தள்ளி ஒரு செலவு வந்த பிறகுதான் அது தண்டம் என்று தெரிகிறது. அதற்காக 64 வகைகளையும் போட்டுப் பார்ப்பதா? ஆறு நிலையத்துக்குச் சரி. ஐம்பது நிலையம் என்றால் வகைகள் 11 கோடி கோடியைத் தாண்டிவிடும்.

வழி இது. ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே வைத்தால் இதுவரை ஆகும் குறைந்த செலவு ஒன்று. வைக்காவிட்டால் ஆகும் குறைந்த செலவு இன்னொன்று. பல்லாவரத்தில் வைத்தால் 4, இல்லாவிட்டால் 0. குரோம்பேட்டையில் வைப்பதென்றால் முந்தைய நிலையம் எப்படியிருந்தாலும் சரி, அதன் இரண்டில் சிறியதை எடுத்து 5ஐக் கூட்டு: 5. வைக்கவில்லை என்றால் பல்லாவரத்தில் வைத்தே ஆக வேண்டும்: 4. இப்படியே போனால் வைத்த வரிசை 4, 5, 10, 8, 10, 15. வைக்காத வரிசை 0, 4, 5, 10, 8, 10. கடைசி இரண்டில் சிறியது 10. குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர். தாம்பரமும் பெருங்களத்தூரும் அடுத்தடுத்த நிலையங்கள்; ஒன்றுவிட்டு ஒன்று என்று யோசிப்பவருக்கு இந்தத் தேர்வு கண்ணிலேயே படாது.

பையன்கள் டிபி என்று சுருக்கும் டைனமிக் புரோகிராமிங் இதுதான். 1950களில் ராண்ட் நிறுவனத்தில் ரிச்சர்ட் பெல்மன் உருவாக்கியது. அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சருக்கு ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது, அதனால்தான் யாரும் குறைசொல்ல முடியாத கம்பீரமான பெயராகப் பார்த்து வைத்தேன் என்று பெல்மன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பதற்குக் காரணம் அது. ஊர் கடைக்காரர் கணக்கு வைப்பது போலத்தான் இது நடக்கிறது: நேற்றைய இருப்பு தெரிந்தால் இன்றைய கணக்கைப் போட்டுவிடலாம், போன தீபாவளியின் நோட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, விலைக் கணக்கு எளிது, விருந்துக் கணக்கு கடினம் என்பதுதான். பையனும் அதைத்தான் சொன்னான்: "ஃபர்ஸ்ட் ஒண்ணு சும்மா சார்ட்டிங் அங்கிள், செகண்ட்தான் டிபி." பயிற்சி வகுப்புகளில் கணக்குகளை இப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரித்துத்தான் கற்றுத் தருகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையின் அளவைப் பார்த்தால் விருந்துக் கணக்குதான் லேசு. அடுக்கக்கூட வேண்டாம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே நடை. அப்படியானால் அது ஏன் கடினமாகத் தெரிகிறது?

விலைக் கணக்கில் ஒருவர் வாங்குவதும் வாங்காததும் அடுத்தவரைத் தொடுவதே இல்லை. 5 லட்சம் பேர் இருந்தாலும் 5 லட்சம் தனித்தனி மனிதர்கள். அதனால்தான் அவர்களை நம் இஷ்டத்துக்கு எடுத்து அடுக்க முடிகிறது. விருந்தில் யாரையும் இடம் மாற்ற முடியாது; மாற்றினால் கணக்கே வேறு. அங்கே ஒவ்வொருவரும் இடப்பக்கம் ஒருவரோடும் வலப்பக்கம் ஒருவரோடும் கட்டுண்டிருக்கிறார். கனம் ஆட்களின் எண்ணிக்கையில் இல்லை, அந்தக் கட்டில் இருக்கிறது.

விலைக் கணக்கிலும் அந்தக் கட்டைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் நானும் வாங்குவேன் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தாலே போதும், ஒருவருடைய உச்சவரம்பை மட்டும் பார்த்து அவர் வாங்குவாரா என்று சொல்ல முடியாமல் போகும். சண்முகம் சாலையில் நடப்பதென்னவோ இதைவிடக் குழப்பம். அங்கே யாருடைய உச்சவரம்பும் யாருக்கும் தெரியாது, பேரம் பேசித்தான் கறக்க வேண்டும். ஆளுக்கொரு விலையும் உண்டு. முகத்தைப் பார்த்தே அந்த எண்ணைச் சொல்லிவிடும் பூக்கார அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் போட்டிக் கணக்கு சிறுபிள்ளை விளையாட்டு.

இப்போது நேர்கோட்டைத் திரும்ப வட்டமாக்குவோம். வண்டலூரும் பல்லாவரமும் அடுத்தடுத்தவை என்று பாவனை செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு கட்டுதான் கூடுதல். ஆனால் 10 லட்சத் தேர்வு உடனே செல்லாமல் போகிறது, ஏனென்றால் அதில் வண்டலூரும் இல்லை, பல்லாவரமும் இல்லை. அந்த இரண்டு வரிசையையும் எழுதிக்கொண்டே வந்தால் கடைசி நிலையத்தில் முட்டிக்கொள்கிறோம்: முதல் நிலையத்தில் என்ன செய்தோம் என்பது நினைவில் இல்லையே. எல்லாவற்றையும் மறக்கலாம் என்பதுதான் இந்த வழியின் பலம். வட்டம் வந்ததும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கடைசிவரை மறக்கக் கூடாதென்று ஆகிறது.

தீர்வு ஆர்தரையே பிடித்துக்கொள்வது. அவருக்கு இனிப்பு உண்டு என்று வைத்து ஒரு ஓட்டம், இல்லை என்று வைத்து ஒரு ஓட்டம். நம் தடத்தில் பல்லாவரத்தில் வைத்துவிட்டுப் போனால் 12 வருகிறது. வைக்காமல் போனால் வண்டலூரில் கட்டாயம் வைக்க வேண்டியிருப்பதால் 15. விடை 12. முதலிலேயே சோம்பேறி வழி என்று நான் நக்கலடித்துத் தள்ளிய பல்லாவரம், சானடோரியம், பெருங்களத்தூர் கூட்டணிதான் அது. ஒரு கட்டு கூடியதும் பின்னால் நின்றது முதலுக்கு வந்துவிட்டது.

பையனை மடக்கலாம் என்று தாளில் ஒரு வரைபடம் போட்டேன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலையில். பல்லாவரத்திலிருந்து ரேடியல் சாலையில் கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் கேம்ப் ரோடு, மேடவாக்கம், பள்ளிக்கரணை. கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நேரே ஒரு சாலை. ஏழு சந்திப்பு, எட்டுச் சாலை. ஒவ்வொரு சாலைக்கும் ஏதாவது ஒரு முனையிலாவது கண்காணிப்புக் கேமரா வேண்டும். சந்திப்புக்குச் சந்திப்பு செலவு வேறு. பார்த்தால் அதே விருந்துதான், மேசையின் வடிவம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆனால் 1972இல் ரிச்சர்ட் கார்ப், விரைவான வழி யாருக்கும் தெரியாத 21 புதிர்களைப் பட்டியலிட்டு, ஒன்றுக்கு வழி கிடைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும் என்று காட்டினார். அந்தப் பட்டியலில் இந்தக் கேமராப் புதிரும் உண்டு. இன்றுவரை அந்த நிலை மாறவில்லை. இதையெல்லாம் சொல்லி, "இனிமே உன் டிபி எங்கே ஓடும்?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தான். மேடவாக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

"இதைப் பிடிச்சுட்டா போதும் அங்கிள். ஆர்தர் மாதிரி. மேடவாக்கத்துல கேமரா இருக்குன்னு ஒரு ரன், இல்லைன்னு ஒரு ரன். அதை எடுத்துட்டா மிச்சத்துல சுத்தே இல்லையே, ஒரு முனையிலேர்ந்து வந்துடலாம்."

சரிதான். என் படத்தில் இருந்த சுற்றுவழி ஒவ்வொன்றும் மேடவாக்கத்தைத் தொட்டுத்தான் போனது. கார்ப் பேச்சை எடுத்து பெரிய மனிதத்தனம் காட்டியது வீணாயிற்று. விட மனமில்லாமல் வேளச்சேரியையும் மடிப்பாக்கத்தையும் சேர்த்தேன்: பள்ளிக்கரணை, வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை என்று மேடவாக்கத்தைத் தொடாத ஒரு சுற்று. அவன் பழைய வட்டத்தை அழித்துவிட்டுக் கீழ்க்கட்டளையில் போட்டான். இன்னமும் இரண்டே ஓட்டம். பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம், அங்கிருந்து ஓ.எம்.ஆர். வழியே சோழிங்கநல்லூர், திரும்ப மேடவாக்கம் என்று இன்னொரு சுற்றை இழுத்தேன். இது கீழ்க்கட்டளைப் பக்கமே வராது. இப்போது ஒன்றைப் பிடித்தால் போதவில்லை.

"ரெண்டு பிடிக்கணும். நாலு ரன்."

மூன்று பிடித்தால் எட்டு, பத்து பிடித்தால் 1,024, நாற்பது பிடித்தால் ஒரு லட்சம் கோடிக்கு மேல். பிடிக்க வேண்டிய சந்திப்பு ஒன்று கூடும்போதெல்லாம் வேலை இரட்டிக்கிறது. செயலி விலையில் 5 லட்சம் பேரைக் கண்ணிமைப்பதற்குள் அடுக்கிய அதே கணினி, தென்சென்னைத் தெருக்களின் வரைபடத்தை இப்படிக் கொடுத்தால் திணறிப்போகும். கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவு பரவாயில்லை என்றால் ஒரு வழி உண்டு. சந்திப்புக்கெல்லாம் ஒரே செலவென்றால், கேமரா இல்லாத சாலை கண்ணில் பட்டதும் அதன் இரு முனையிலும் ஒவ்வொன்று மாட்டிக்கொண்டே போகலாம். மிகச் சிறந்த விடையின் இரண்டு மடங்குக்கு மேல் அது ஒருபோதும் போகாது. அவனிடம் சொன்னேன். 12 என்றால் 12 என்று அடித்துச் சொல்லிப் பழகியவனுக்கு அது விடையாகவே தோன்றவில்லை. விடை ஏற்கப்பட்டது என்பதற்குப் போட்டிக்காரர்கள் பாஷையில் ஏசி.

"டபுள் வரைக்கும் போகலாம்னா எப்படி அங்கிள் ஏசி ஆகும்?" என்றபடி பென்சிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். படத்தின் மேற்கு ஓரத்தில் முடிச்சூர் சாலை இன்னும் போடப்படாமல் இருந்தது.